உஷார்! முக்கொம்பு வந்தாச்சுன்னு முறுக்காதீங்க!

"அண்ணே, ஒரு நிமிஷம் வண்டியைப் பிடிச்சுக்கங்க. கால் ஊன முடியல."

தீபாவளிக்கு முந்தின நாள், விடியற்காலை மூன்றரை மணி. திருச்சி - கரூர் சாலையில், காவிரி பிரிகிற முக்கொம்புக்குத் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தேன். வந்து நின்றது ஒரு நூறு சிசி வண்டி. ஓட்டி வந்த தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பின்னால் மனைவி ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் மூன்று வயதுக் குழந்தை, அப்பாவின் முதுகில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பை, அவர் தோளில் ஒரு பை, மனைவி மடியில் இன்னொன்று.

நானும் டீக்கடைக்காரரும் வண்டியைப் பிடித்துக்கொண்டோம். அவர் இறங்கியதும் இரண்டு கால்களும் மடங்கின. வலது கையை விரிக்கப் பார்த்தார். ஆக்ஸிலேட்டரைப் பிடித்த வளைவிலேயே விரல்கள் நின்றுவிட்டன. டீ கிளாஸை இடது கையால்தான் வாங்கினார்.

"எங்கேர்ந்து வர்றீங்க தம்பி?"

"திருப்பூர்ண்ணே. பட்டுக்கோட்டை போகணும்."

"கொஞ்சம் படுத்துட்டுப் போகலாமே?"

"வேணாம்ண்ணே. அதான் முக்கொம்பு வந்தாச்சே. இனிமே நம்ம ஊருதான்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். முக்கொம்பிலிருந்து பட்டுக்கோட்டைக்கு இன்னும் நூற்றிருபது கிலோமீட்டர் இருக்கிறது. அவர் அதுவரை ஓட்டிவந்ததோ ஏறக்குறைய நூற்றைம்பது. பயணத்தில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக முடிந்திருக்கிறது. ஆனால் காவிரியைப் பார்த்ததும் மனசு வீட்டுக்குப் போய்விடுகிறது. உடம்பு மட்டும் வண்டியில் இருக்கிறது. கை மரத்து, கால் மரத்து, கண் சொருகி, அந்த உடம்பு ஓட்டுகிற வண்டியில்தான் குழந்தை தூங்குகிறது.

நீண்ட தூர பைக் பயணம் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது தோல் ஜாக்கெட்டும் பெரிய வண்டியுமாக லடாக் போகிற இளைஞர்கள். அவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அவர்கள் திட்டம் போட்டுப் போகிறார்கள், கையுறை போடுகிறார்கள், இரவில் ஓட்டுவதைத் தவிர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் உண்மையாகவே நீண்ட தூரம் பைக் ஓட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிற டெல்டா மாவட்டத்துப் பிள்ளைகள் அவர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பஸ்ஸில் நிற்க இடம் இல்லை, தனியார் பஸ்ஸில் கேட்கிற கட்டணம் கட்டுப்படி ஆகாது, ரயிலில் எப்போதோ டிக்கெட் தீர்ந்துவிட்டது. வீட்டு வாசலில் பைக் நிற்கிறது. ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். காங்கேயம், வெள்ளக்கோவில், கரூர், மாயனூர், குளித்தலை, பெட்டவாய்த்தலை, திருப்பராய்த்துறை, முக்கொம்பு, திருச்சி. பிறகு தஞ்சாவூர், அங்கிருந்து மன்னார்குடியோ பட்டுக்கோட்டையோ. தங்களை 'லாங் ரைடர்' என்று அவர்கள் நினைப்பதே இல்லை. ஊருக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் கிளம்புகிறார்கள்.

அவர்கள் கிளம்புகிற நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள், அடிவயிறு கலங்கும்.

பண்டிகைக்கு முன் திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் சாதாரணம். காலை ஆறு மணிக்கு எழுந்தவர், எட்டரைக்குக் கம்பெனிக்குள் போய், இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார். போனஸ் கையில் வந்திருக்கும். கடைக்குப் போய்த் துணி, பட்டாசு, ஸ்வீட் வாங்கி, மூட்டை கட்டிக் கிளம்பும்போது மணி பதினொன்று. அதற்குள் அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் நிதானமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடைய அளவுக்கு இறங்கிவிடுகிறது என்பது ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கிற எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனிதர், குடிபோதை எல்லையைத் தாண்டிய நிலையில்தான் திருப்பூர் எல்லையையே தாண்டுகிறார். போலீஸ்காரர் ஊதச் சொன்னால் கருவி ஒன்றும் காட்டாது.

முக்கொம்புக்கு வந்து சேரும்போது விடியற்காலை மூன்று, மூன்றரை. மனித உடம்பு தூக்கத்துக்கு மிக அதிகமாக ஏங்குகிற நேரம் நள்ளிரவு இரண்டிலிருந்து காலை ஆறு வரை. விழித்து 21 மணி நேரம் ஆகியிருக்கிறது. இந்த நேரத்தில் தூக்கம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கண் திறந்தபடியே மூளை இரண்டு மூன்று விநாடி அணைந்து எரியும். ஓட்டுபவருக்கே அது தெரியாது. "நான் தூங்கவே இல்லையே" என்று சத்தியம் செய்வார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 16 மீட்டருக்கு மேல் போகிறது. மூன்று விநாடி என்றால் 50 மீட்டர். அந்த 50 மீட்டரை வண்டி யாரும் ஓட்டாமல் கடக்கிறது.

முக்கொம்பைத் தாண்டினால் சாலை எப்படி இருக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜீயபுரம் தொடங்கிக் குடமுருட்டிப் பாலம் வரை காவிரிக் கரையை ஒட்டியே போகும். குறுகல், வளைவு, நடுவில் தடுப்பு கிடையாது, எதிரே வருகிற பஸ்ஸின் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும். வாழைத்தார் ஏற்றிய லாரி ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும். முழு விழிப்போடு, பகலில் போகிறவனுக்கே கவனம் வேண்டிய சாலை அது. மரத்த கையும் சொருகிய கண்ணுமாக "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறவருக்கு அந்தச் சாலை மன்னிப்பே வைத்திருக்கவில்லை.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. இதில் எத்தனை பேர் உடம்பு தாங்காமல், தூக்கத்தில் போனார்கள் என்பதைப் பிரித்துச் சொல்ல முடியாது. இறந்தவர் வந்து சொல்லப் போவதில்லை. முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற ஒரே வரிதான் இருக்கும்.

இப்போது வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் வலியைப் பொறுத்துக்கொள்வதைப் பெருமையாக நினைக்கிறார்கள். "முதுகு கொஞ்சம் பிடிச்சிருக்கு, ஊருக்குப் போய் வெந்நீர் ஊத்தினா சரியாயிடும்." பைக்கில் வலியைச் சகிக்கலாம் என்பதே தவறான எண்ணம். வலிக்கிற இடத்துக்கு மனம் போய்விடும். சாலையில் இருக்க வேண்டிய கவனத்தில் பாதியை அந்த வலி தின்றுவிடும். அதைவிட மோசம், வலி நின்றுபோவது. வலித்த கை திடீரென்று வலிக்காமல் போனால் சந்தோஷப்படாதீர்கள். மரத்துவிட்டது என்று அர்த்தம். முன் பிரேக் அந்தக் கையில்தான் இருக்கிறது.

எனக்கே இது நடந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். குளித்தலை தாண்டியதும் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உணர்விழந்தன. பெட்டவாய்த்தலை அருகே ஒரு பசுமாடு குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தேன் என்றுதான் நினைத்தேன். விரல் லீவர் மேல் இருந்தது, அழுத்தம் போகவில்லை. பின் பிரேக்கை மிதித்து, வண்டி வழுக்கி, மாட்டின் வாலுக்கும் சாலையோரப் புளியமரத்துக்கும் நடுவில் போய் நின்றேன். எதிரே லாரி வந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுத வேண்டியிருக்கும்.

கை ஏன் மரக்கிறது? உடம்பின் பாரத்தைக் கையில் கொடுக்கிறோம், அதனால்தான். இடுப்பு தளர்ந்து கூன் விழுந்ததும் மேல் உடம்பு முன்னால் சாய்ந்து, முழு எடையும் மணிக்கட்டு வழியாக ஹேண்டில்பாரில் இறங்குகிறது. உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஓடுகிற நரம்பு நசுங்குகிறது. மேலே எஞ்சினின் அதிர்வு வேறு. முழங்கை எப்போதும் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கைப்பிடியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்தால் போதும். தொடைகளால் டேங்கை லேசாக அணைத்துக்கொண்டால் இடுப்பு நிமிரும், கைக்குப் பாரம் குறையும். கிளட்ச், பிரேக் லீவர்கள் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் மணிக்கட்டு நாள் முழுக்க மடங்கியே இருக்கும். நீங்கள் உட்கார்ந்து கையை நீட்டினால் முன்னங்கையும் விரலும் லீவரும் ஒரே கோட்டில் வர வேண்டும். மெக்கானிக்கிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுப்பார், காசுகூட வாங்க மாட்டார். எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அடுத்து சீட். பழைய சீட்டில் ஸ்பாஞ்ச் செத்துப்போயிருக்கும். உட்காரும் எலும்பு இரண்டும் நேராக அடிப்பலகையில் குத்தும். சிலர் அதற்கு மேல் மெத்தென்று தலையணை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரம் சொகுசாக இருக்கும், பிறகு அது அமுங்கி, முன்னைவிட அதிகமாக வலிக்கும். குஷன் கடையில் கொடுத்து, கொஞ்சம் கெட்டியான ஸ்பாஞ்ச் போட்டுத் தட்டையாக, முன்பக்கம் சரியாமல் தைத்து வாங்குவதுதான் சரி. பின் ஷாக் அப்சார்பரில் ஸ்டெப் இருக்கிறது. தனியாகப் போகும்போது உள்ள ஸ்டெப்பிலேயே மனைவி, குழந்தை, மூட்டை எல்லாவற்றையும் ஏற்றினால் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் வந்து இறங்கும். கிளம்புவதற்கு முன் இரண்டு ஸ்டெப் ஏற்றச் சொல்லுங்கள். டயருக்குப் பின்னால் ஆள் இருந்தால் எவ்வளவு காற்று, ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அந்த ஸ்டிக்கரைப் படித்துப் பார்த்தவர்கள் மிகவும் குறைவு.

தோளில் தொங்குகிற பையை இன்றைக்கே இறக்கி வையுங்கள். ஐந்து கிலோ பை ஐந்து மணி நேரத்தில் கழுத்து நரம்பைப் பிடித்து இழுத்துவிடும். சீட்டுக்குப் பின்னால் கேரியர் போட்டுக் கட்டுங்கள். கட்டுகிற கயிறு நல்ல கயிறாக, நுனி தொங்காமல் இருக்கட்டும். அவிழ்ந்த கயிறு பின் சக்கரத்தில் சுற்றினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களின் வேதனையை யாரும் எழுதுவதில்லை. புடவை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்தால் இடுப்புக்கு மேல் ஒரு திசை, கீழ் ஒரு திசை. அந்த முறுக்கலோடு ஐந்து மணி நேரம். ஒரு கையால் குழந்தையைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் பையை. தன்னைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டால் சாலையில்தான் விழ வேண்டும். இவ்வளவு தூரப் பயணத்துக்குச் சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதில் ஒரு மானக்குறைவும் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் இதைச் சொன்னால் அந்தப் பெண்கள் தயங்காமல் கேட்பார்கள். துப்பட்டாவை இரண்டு தோளுக்கும் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்துகொள்ளுங்கள், சக்கரத்தில் போய்விடாமல்.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பயந்து பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. முதல் நாள் மாலையிலிருந்தே நிறுத்திவிடுகிறார்கள். தலைசுற்றல், நீர்க்கடுப்பு, ஊருக்குப் போய் இரண்டு நாள் காய்ச்சல். பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை, குடிநீர், டயருக்குக் காற்று மூன்றையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே வகுத்த விதி. கேளுங்கள். ஒரு ஆண் வண்டியை நிறுத்திவிட்டு "சாவி கொடுங்கண்ணே, வீட்டுல போகணும்" என்று கேட்டால் கொடுக்காமல் போக மாட்டார்கள். தனக்காக நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நினைத்துத்தான் உங்கள் மனைவி வாயைத் திறப்பதில்லை.

குழந்தைக்கு வருகிறேன். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தையை பைக்கில் ஏற்றினால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டுகிற பாதுகாப்புப் பட்டை வேண்டும், குழந்தைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்து, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த விதி இது. நான்கு வயது முடிந்தவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு. அந்த விடியற்காலையில் பார்த்த குழந்தைக்குத் தலையில் கம்பளிக் குல்லாதான் இருந்தது. தூங்குகிற குழந்தை சரிகிற மூட்டை. அதன் கழுத்து நிற்காது, கை பிடிக்காது. என் மனசில் இருப்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்: நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையோடு இருநூற்றைம்பது கிலோமீட்டர் பைக் பயணம் கூடவே கூடாது. மனைவியையும் குழந்தையையும் எப்பாடுபட்டாவது பஸ்ஸில் ஏற்றிவிட்டு நீங்கள் மட்டும் பைக்கில் வாருங்கள். இரண்டு நாள் முன்னதாக அனுப்பினால் பஸ்ஸில் இடம் கிடைக்கும்.

தீபாவளி என்றால் மழை. பொங்கல் என்றால் காவிரிக் கரை நெடுகப் பனிமூட்டம். ஆடியில் போனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்கிற மேல்காற்று கரூர், திருச்சி வரை வந்து வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். மணலைக் கண்ணில் வாரி இறைக்கும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துகள், ஆட்கள் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஆளை அடிப்பது சித்திரை, வைகாசி வெயில்.

திருச்சியில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறதுதான். நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக இருக்கும்போது, வேகமாகப் போனால் காத்தாட இருக்கும் என்பது பொய். அடுப்பு வாயிலில் விசிறி வைத்ததுபோல, காற்று உடம்புக்குள் சூட்டைத்தான் ஏற்றுகிறது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் வியர்க்கவே இல்லை என்று தோன்றும். தாகமும் தெரியாது. ஒரு மணி நேரத்தில் தலை கனக்கும், காரணமில்லாமல் கோபம் வரும், முன்னால் போகிற வண்டியைத் தாண்டியே தீர வேண்டும் என்ற வெறி வரும். அது உங்கள் சுபாவம் அல்ல, உடம்பில் தண்ணீர் வற்றியதன் அடையாளம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது.

அரைக்கைச் சட்டையும் செருப்புமாகப் போகாதீர்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை வெயிலில் குளிர்ச்சி. உள்பனியனை நனைத்துப் பிழிந்து போட்டு, மேலே முழுக்கைச் சட்டை போட்டால் அரை மணி நேரத்துக்கு உடம்பு குளிர்ந்திருக்கும். நிற்கிற இடத்திலெல்லாம் மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போதெல்லாம் அரை லிட்டர் தண்ணீர், ஒருவேளை விட்டு ஒருவேளை நீர்மோர் அல்லது உப்புச் சர்க்கரைக் கரைசல். யாராவது தலைசுற்றி, பேச்சுக் குழறி, இடம் தெரியாமல் பேசினால் அது வெயில் தாக்கு. நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் எதையும் புகட்டாதீர்கள்.

மதியம் பிரியாணியோ நான்கு பரோட்டாவோ சாப்பிட்டுவிட்டு உடனே வண்டியை எடுக்காதீர்கள். பகல் இரண்டிலிருந்து நான்கு வரை இன்னொரு தூக்க நேரம். ஜலதோஷ மாத்திரை, இருமல் மருந்து போட்டுக்கொண்டு ஓட்டவே ஓட்டாதீர்கள். அவற்றில் பலவும் தூக்கத்தைக் கொடுக்கும். டீ குடித்தால் தெளிந்துவிடும் என்பதும் பாதிதான் உண்மை. குடித்த டீ வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். டீயைக் குடித்துவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுங்கள். எழும்போது இரண்டும் சேர்ந்து தெளிவைக் கொடுக்கும். டீ கிளாஸைக் கீழே வைத்த கையோடு கிளம்பினால், தூக்கம் அப்படியே உங்களோடு வரும்.

முக்கொம்பில் நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்லப் போகிறேன் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆற்றில் இறங்காதீர்கள்! வெயிலில் வெந்து வந்தவர்களுக்குத் தண்ணீரைப் பார்த்ததும் ஆசை வரும். முக்கொம்பு பார்க்கத்தான் பூங்கா, அடிப்படையில் அது அணை. காவிரி இங்கேதான் கொள்ளிடமாகவும் காவிரியாகவும் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்குகிறது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-களில் இங்கே கட்டியதுதான் மேலணை. 2018 ஆகஸ்ட் 22 இரவு, அந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகளை ஆறு அடித்துக்கொண்டு போனது. கல்லும் இரும்புமாக நின்றதையே பெயர்த்த தண்ணீர் அது. மதகைத் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். மணல் அள்ளிய பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து மணி நேரம் மடக்கி வைத்திருந்த கால் குளிர்ந்த நீரில் சுண்டி இழுக்கும். நல்ல நீச்சல்காரனும் மூழ்குவது அப்படித்தான். குழாயடியில் தலையை நனைத்துக்கொள்ளுங்கள், முகம் கழுவுங்கள், போதும்.

பஸ் டிரைவருக்கும் லாரி டிரைவருக்கும் சட்டம் ஓய்வு கொடுத்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவர் தொடர்ந்து வேலை செய்யக் கூடாது; குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று விதித்தது. கால் நீட்டி, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கே அப்படி. வெயிலையும் காற்றையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, இரண்டு சக்கரத்தில் சமநிலை பிடித்து ஓட்டுகிற உங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. உங்களுக்கு நீங்கள்தான் சட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்று ஒரு சங்கம். 24 மணி நேரத்தில் ஆயிரம் மைல், அதாவது 1,600 கிலோமீட்டருக்கு மேல் பைக் ஓட்டுகிறவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிறது. இவ்வளவு தூரம் ஓட்டுகிற அவர்களே புதியவர்களுக்குச் சொல்வது, உன் எல்லை எது என்று தெரிந்துகொள், தூக்கம் வந்தால் நிறுத்து என்பதுதான்.

திருப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு என் கணக்கு இது. வேலை முடிந்த இரவில் கிளம்பவே கிளம்பாதீர்கள். தூங்குங்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் முக்கொம்புக்கு வந்துவிடலாம். வெள்ளக்கோவிலில் ஒரு முறை, கரூர் தாண்டி மாயனூரில் ஒரு முறை, முக்கொம்பில் நீண்ட ஓய்வு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து நிமிடம் வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டும். சைடு ஸ்டாண்டு போட்டு வண்டி மேலேயே உட்கார்ந்து போன் பார்ப்பது ஓய்வு ஆகாது. கெண்டைக்கால் வீங்கி, ஒரு பக்கம் மட்டும் வலித்தால் அலட்சியம் வேண்டாம், நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைவதும் உண்டு, டாக்டரிடம் காட்டுங்கள்.

ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, தலைக்குச் சரியாக, கொக்கி மாட்டியதாக இருக்கட்டும். பின்னால் இருப்பவருக்கும் ஒன்று. பெரிய அளவு ஹெல்மெட் காற்றில் ஆடி ஆடியே கழுத்தை முறித்துவிடும். கண்ணாடி கீறல் இல்லாமல் இருக்க வேண்டும். அந்தி நேரத்தில் காவிரிக் கரையில் பூச்சி மழைபோல வரும். கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டினால் ஒரே ஒரு பூச்சி போதும்.

வழியில் யாராவது விழுந்து கிடந்தால் பயப்படாமல் உதவுங்கள். உதவி செய்தவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும்தான். ஆம்புலன்ஸுக்கு 108. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

கடைசியாக, ஊரில் காத்திருக்கிற அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை "எங்கடா வர்றே? இன்னும் எவ்வளவு நேரம்?" என்று போன் அடிக்காதீர்கள். பாசத்தில்தான் கேட்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் அந்தப் போன் சட்டைப் பையில் அடிக்கும்போதெல்லாம் உங்கள் பிள்ளையின் கை ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்குகிறது. கிளம்புவதற்கு முந்தின நாளே ஒரு முறை கூப்பிட்டு, "மெதுவா வா, மத்தியானச் சாப்பாட்டுக்கு வரலன்னாலும் பரவாயில்ல, ராத்திரி வந்தாப் போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

அந்தத் தம்பி அன்றைக்குக் கிளம்பத்தான் பார்த்தார். டீக்கடைக்காரர் வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெஞ்சில் ஒரு சாக்கை விரித்தார். "விடிஞ்சு தரேன், படுங்க." படுத்த அடுத்த நிமிடம் அவர் தூங்கிவிட்டார். இந்தப் பண்டிகைக்கு அந்தச் சாலையில் டீக்கடை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அப்படி ஒரு சாக்கை எடுத்து வைத்திருங்கள்.